கட்டைவிரல் ரேகையும் ராதாரிச் சீட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் "டி.என்.சி." என்ற மூன்று எழுத்தைப் பலமுறை எழுதியிருப்போம். தமிழில் சீர்மரபினர். தமிழ்நாடு அரசின் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. அதில் நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர். கள்ளர், மறவர் பெயர்களும் வேறு மாவட்டங்களுக்கு உண்டு.

"சீர்மரபினர்னா என்ன சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உதவித்தொகைக்கான ஒரு பிரிவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஆங்கிலச் சொல்லின் நேரான பொருள் வேறு. ஒரு காலத்தில் அரசிதழில் "குற்றப் பரம்பரை" என்று அறிவிக்கப்பட்டு, பிறகு அந்த அறிவிப்பு நீக்கப்பட்டவர்கள். அந்த அறிவிப்பு எப்படி வந்தது, எப்படிப் போனது, போன பிறகு எது போகாமல் நின்றது என்பதுதான் இந்தப் பதிவு.

உப்பில் தொடங்கியது

உப்புக் குறவர் என்ற பெயரிலேயே தொழில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவருவார்கள். திரும்பும்போது தானியம் ஏற்றிப் போவார்கள். சங்க காலத்து உமணர் செய்த அதே வேலை. சாலை இல்லாத ஊருக்கும் இவர்கள் போவார்கள். மூங்கில் கூடை, முறம், கறிவேப்பிலை, குறி சொல்வது என்று வழியில் பிழைப்புக்குப் பல கைத்தொழில்கள். ஓர் இடத்தில் நிலைத்து இருந்தால் இவர்களுக்குச் சோறு கிடையாது. நடப்பதுதான் தொழில்.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பொதிமாடு பல நாள் நடந்து கொண்டுவந்த உப்பு, கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாக அடித்தது. சுமை ஏற்ற மாடும் இல்லை, ஏற்றத் தானியமும் இல்லை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. கூடைக்கு மூங்கில் வெட்டவும் மாடு மேய்க்கவும் காட்டிலாகாவிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

சென்னை மாகாணத்துக் குறவர்களைப் பற்றி ஆழமாக ஆராய்ந்து 2001-ல் நூல் எழுதிய மீனா ராதாகிருஷ்ணா இந்தத் தொடர்பைத்தான் காட்டுகிறார். நாடோடி வணிகர்களின் பிழைப்பைப் பறித்தது அரசின் கொள்கை. பிழைப்பு போனபின் அவர்கள் ஊர் ஊராக அலைவதைச் சந்தேகத்தோடு பார்த்ததும் அதே அரசு.

அடுத்து புத்தகங்கள் வந்தன. 1892-ல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் "குற்ற வகுப்பார்" பற்றிக் குறிப்புநூல் வெளியிட்டார். எந்தச் சாதியார் எப்படித் திருடுவார்கள் என்று சாதிவாரியாக எழுதியிருந்தார். 1909-ல் சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதினார். போலீஸ் குறிப்புகளில் இருந்த கருத்துகள் அதில் ஆராய்ச்சியின் மரியாதையைப் பெற்றன. எந்த ஊரிலும் சில திருடர்கள் இருப்பார்கள், குறவர்களிலும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒருவர் செய்த திருட்டு அவர் சாதியின் குணம் என்று எழுத்தில் ஏறியது இப்படித்தான்.

சட்டம் என்ன சொன்னது

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-ல் வட இந்தியாவில் வந்தது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடன் ஆவான் என்பது அதன் அடிப்படை. 1911-ல் திருத்தி, நாடு முழுவதற்கும் பொருந்தும்படி செய்தார்கள். சென்னை மாகாணத்துக்குள் அது நுழைந்தது அப்போதுதான். 1924-ல் மீண்டும் தொகுத்து எழுதினார்கள்.

அதன் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது.

அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் அவர்களின் விரல்ரேகையை எடுக்கலாம்.

குறித்த நேரத்தில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டும், அல்லது இருப்பிடம் மாறுவதையும் வெளியூர் போவதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அரசு எது விதிக்கிறதோ அது.

முழுச் சமூகத்தையும் ஒரு குடியேற்றத்தில் அடைத்து வைக்கலாம். ஆறு முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளியில் வைக்கலாம்.

நடைமுறையில் இது எப்படி இருந்தது? வளர்ந்த ஆண்கள் ராத்திரி தங்கள் வீட்டில் படுக்க முடியாது. கச்சேரியிலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்து விடியும்போது எழுந்து வர வேண்டும். நேற்றுக் கல்யாணம் ஆனவனுக்கும் இதுதான், தள்ளாத கிழவனுக்கும் இதுதான். அக்காள் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். அதன் பெயர் ராதாரிச் சீட்டு. 'ராஹ்தாரி' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பழைய காலத்தில் சுங்கச் சாவடியில் வணிகர் காட்டும் வழிச்சீட்டு. ஒரு காலத்தில் உப்பு மூட்டைக்கு வாங்கிய சீட்டை இப்போது மனிதனுக்கு வாங்கினார்கள். மக்கள் இந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'.

மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அங்கே ஒரே ஊரில் பெரும் எண்ணிக்கையில் இருந்த மக்கள், சொந்த நிலமும் இருந்தது, எதிர்த்து நிற்க முடிந்தது. நம் சமவெளியில் ஊருக்கு நாலு குடும்பம் என்று சிதறிக் கிடந்தவர்களால் அப்படி நிற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டார்

இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. கிராமத் தலைவர், காவல்காரர், நிலத்தின் சொந்தக்காரர் இவர்களெல்லாம் பதிவு செய்யப்பட்டவர்களின் நடமாட்டத்தைப் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். சொல்லாவிட்டால் அவர்களும் தண்டனைக்கு உரியவர்கள்.

போலீஸ் எண்ணிக்கையில் கொஞ்சம். ஊர்தான் அதற்குக் கண்ணாக இருந்தது. மணியக்காரர் ஆள் இருக்கிறானா என்று பார்த்தார். தோட்டக்காரர் தன் நிலத்தில் தங்கியவனைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். அவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றியிருக்காது. ஆடு திருடு போகாமல் இருந்தால் சரி. தன் வீட்டு ஆண்பிள்ளை சாவடியில் படுக்கவில்லை, அதனால் சட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு சுதந்திரம் பறிபோகும்போது ஊர் ஏன் சும்மா இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தமிழர் எரித்த சீட்டு

இதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் நடந்ததைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906-ல் இந்தியர்கள் எல்லோரும் பெயரைப் பதிந்து விரல்ரேகை கொடுத்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. செப்டம்பர் 11-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள் பணிய மாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். சத்தியாகிரகம் அங்கேதான் பிறந்தது. அதில் முன்வரிசையில் நின்றவர்கள் தமிழர்கள். தம்பி நாயுடு பலமுறை சிறை போனார்.

1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸ் ஒரு சமரசத்துக்கு வந்தார். நீங்களாகவே முன்வந்து பதிந்துகொள்ளுங்கள், கட்டாயச் சட்டத்தை நீக்கிவிடுகிறேன் என்றார். காந்தி ஒத்துக்கொண்டார். தானாகக் கொடுத்தால் அவமானம் இல்லை, கட்டாயப்படுத்தி வாங்குவதுதான் அவமானம் என்பது அவர் வாதம். அதற்காகத் தன் சொந்த ஆட்களில் ஒருவரான மீர் ஆலமிடம் அடியும் வாங்கினார். பதிவு முடிந்தது, சட்டம் நீங்கவில்லை. அந்த ஆகஸ்ட் 16-ஆம் தேதி மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள்.

டிரான்ஸ்வால் தமிழர் ரேகைச் சீட்டை எரித்த மூன்றாவது வருஷம், தமிழ்நாட்டுக்குள் ரேகைச் சட்டம் வந்தது. அங்கே எல்லா இந்தியரையும் சேர்த்து அவமதித்ததால் பணக்கார வியாபாரியும் கூலிக்காரரும் சேர்ந்து எழுந்தார்கள். இங்கே ஏழைகளிலும் ஏழையைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அதனால் அவர்களுக்காகப் பேச ஆள் சேர வெகுகாலம் ஆயிற்று. மதுரையில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். பிறகு முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் போராடினார்கள். 1936-ல் நெல்லூரில் பேசிய நேரு, ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளி என்று முத்திரை குத்துவது எந்த நாகரிக நீதிக்கும் ஒவ்வாது என்று கண்டித்தார்.

நீக்கியவர் நம் ஊர்க்காரர்

1947-ல் சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் ரத்தானது. ஓமந்தூரார் அமைச்சரவை. உள்துறையைக் கவனித்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன். நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-ல். இன்றும் அந்த நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் மறு வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: இது பெரிய முன்னேற்றம்தான். பிறப்பை வைத்து ஆளைப் பிடிக்காமல், அவரவர் பெற்ற தண்டனையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பதிவு, ஆஜர், இருப்பிடக் கட்டுப்பாடு என்ற கருவிகள் அப்படியே இருந்தன. அவற்றைக் கையாளப் பழகிய கைகளும் அதே கைகள்தான். காவல் நிலையத்தில் இன்றும் "சரித்திரப் பதிவேடு" என்று ஒன்று உண்டு. நான் காலமெல்லாம் நடத்திய பாடத்தின் பெயர் அங்கே வேறு அர்த்தத்தில் வாழ்கிறது.

"இவர் செய்தது என்ன" என்று கேட்காமல் "இவர் என்ன செய்யக்கூடும்" என்று கேட்கும் பழக்கம் சாதியை விட்டு அரசியலுக்கும் போயிற்று. 1947-லேயே பொது ஒழுங்கைக் காக்க என்று சொல்லி விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. கம்யூனிஸ்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். குடியரசு பிறந்த பதினாறாம் நாள், 1950 பிப்ரவரி 11-ல், நம் சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அந்த மாதமே மத்திய அரசின் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில் மே மாதம் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அந்தச் சட்டத்தைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. 1975-77 நெருக்கடி நிலையில் அதே வகைச் சட்டமான மிசாவில் எந்தெந்தக் கட்சிக்காரர்கள் சிறை போனார்கள் என்பதை இந்தப் பதிவைப் படிக்கும் பெரியவர்கள் நேரில் கண்டிருப்பீர்கள். சாவடியில் படுக்க வேண்டியவர்கள் யாரோ என்று இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதில் இருந்தார்கள்.

ராத்திரி கதவைத் தட்டுவது

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் வழக்கில் விடுதலையான பிறகும் போலீஸ் அவர் மேல் சரித்திரப் பதிவேடு திறந்து, நடு இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பியது. 1962-ல் உச்ச நீதிமன்றம் இரவில் வீட்டுக்கு வருவது கூடாது என்றது. பின்தொடர்ந்து கண்காணிப்பதை மட்டும் பெரும்பான்மை நீதிபதிகள் அனுமதித்தார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றார்கள். நீதிபதி சுப்பாராவ் மறுத்து எழுதினார்: கண்காணிப்பின் நிழலில் நடப்பவன் சுதந்திரமாக நடக்கிறான் என்று சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. அந்த மறுப்பின் பக்கம் நாடு வந்து சேர 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

சந்தேகம் மட்டும் சீக்கிரம் சாவதில்லை. 'ஜெய் பீம்' படம் பார்த்திருப்பீர்கள். 1993-ல் கடலூர்ப் பக்கம் நடந்த உண்மைச் சம்பவத்தில் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுக் காவலில் இறந்தவர் குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி. சட்டம் ரத்தாகி 46 வருஷம் கழித்து. சிறை விதிகளில் சாதியைப் பார்த்து வேலை கொடுப்பதும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் வரிகளும் இருந்ததை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கச் சொன்னது 2024 அக்டோபர் 3-ல்.

இப்போது நம் விரல்

இன்று நாம் எல்லோரும் விரல் வைக்கிறோம். ரேஷன் கடையில் வைக்கிறோம். என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வருஷத்துக்கு ஒருமுறை வைக்கிறோம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறியிலும் சாயப்பட்டறையிலும் உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் அடையாளம் காணாமல், அரிசிக்கு வந்த ஆத்தா புடவை முந்தியில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆதாரும் குற்றப் பரம்பரைச் சட்டமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் சாவடியில் படுத்த மனிதர்கள் பட்டதைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆதார் எல்லோருக்கும் பொது. உதவி சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். அதை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. 2018-ல் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது என்று தீர்ப்பும் வந்தது. 1911-ல் அந்த வாசலே அடைத்திருந்தது.

ஆனால் தானாகக் கொடுப்பது எப்போது கட்டாயம் ஆகிறது என்ற டிரான்ஸ்வால் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2022-ல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டத்தையும் பாருங்கள். தண்டனை பெற்றவர் மட்டுமல்லாமல் கைதானவர், தடுப்புக் காவலில் உள்ளவர் இவர்களின் ரேகை, கருவிழி, நடத்தை அளவுகள் எல்லாம் எடுக்கலாம். 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் வழக்கிலிருந்து முழுமையாக விடுபட்டால் அழிக்க வேண்டும். அப்போதும் நீதிமன்றம் காரணம் எழுதி வைத்திருக்கச் சொல்லலாம். 2023-ன் தனிநபர் தரவுச் சட்டத்திலோ, அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

பதிவேடு இல்லாமல் அரசு நடக்காது. நான் முப்பது வருஷம் பதிவேடு எழுதியவன், எனக்கு அது தெரியும். ஆகவே எந்தப் புதுப் பதிவேடு வந்தாலும் மூன்று கேள்வி கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். என் பெயர் இதில் எதற்காக ஏறுகிறது, நான் செய்ததற்காகவா, நான் பிறந்ததற்காகவா? தவறாக ஏறினால் போய்க் கேட்க இடம் உண்டா? என் பெயர் எப்போது நீங்கும்? ரேகைச் சட்டத்தில் மூன்றுக்கும் நியாயமான பதில் கிடையாது. அதை நம் சமவெளியில் 36 ஆண்டுகள் நடத்தினார்கள், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வேண்டுகோள். ராத்திரி சாவடியில் படுத்தவர்களை நேரில் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறு வயதைத் தொடுகிறார்கள். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், சங்ககிரிப் பக்கத்தில் அப்படி யாராவது உங்கள் உறவிலோ ஊரிலோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ராதாரிச் சீட்டை யாரிடம் வாங்கினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், சீட்டு இல்லாமல் போனால் என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். போலீஸ் எழுதிய சரித்திரம் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் சொல்லும் சரித்திரத்தை எழுதத்தான் ஆள் வேண்டும்.